கடல் பச்சையான நாட்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டுதோறும் இம்மேடையில் வள்ளுவரும் கம்பரும் இளங்கோவும் பேசப்படுவதே வழக்கம். செயலாளர் அவர்கள் நம்மைப் பேச அழைத்தபோது, "இரயில்வே எழுத்தருக்குச் சரக்குச் சீட்டும் வருகைப் பதிவேடும் அன்றி வேறென்ன தெரியும்?" என்று கேட்டுப் பார்த்தோம். "தெரிந்ததைப் பேசுங்கள், போதும்" என்றார். மெட்ரிகுலேஷனோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவர் நாம். ஆதலின் இலக்கியத்தில் கை வைக்கத் துணிவில்லை. கடலைப் பற்றிப் பேசப் போகின்றோம்.

கௌதள்ளியில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவதா என்று பின்வரிசையில் சிலர் நகைப்பது தெரிகின்றது. நகைப்பு நியாயமானதே. ஈண்டு மலையுண்டு, காடுண்டு, கேழ்வரகுக் கொல்லையுண்டு. கடலோ கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் நெடுந்தொலைவு. ஆயினும் ஒன்று கேட்கின்றோம். இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்களுள் எத்தனை பேர் வீட்டுப் பரணில் ஊரிலிருந்து வந்த கருவாட்டுப் பொட்டலம் இருக்கின்றது? கைகள் உயர்கின்றன. சைவக் குடும்பத்தார் பொறுத்தருள்க. அந்தப் பொட்டலத்தை முன்னிட்டே இந்தப் பேச்சு. அதனால் நாம் செய்த பிழை ஒன்றும் இதில் வருகின்றது.

2019ஆம் ஆண்டு, ஆவணி மாதம் முடியுந் தறுவாயில், செப்டம்பர் முற்பகுதியில், பாம்பனில் வாழும் நம் பெரியம்மா மகளின் வீட்டில் காதணி விழா. அக்காளின் பேத்திக்குக் காது குத்துவது. மைசூரில் தூத்துக்குடி விரைவு வண்டியில் மாலை ஏறி, மறுநாள் மதுரையில் இறங்கி, இராமேசுவரம் வண்டி பிடித்தோம். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் அப்போது உழைத்துக்கொண்டிருந்தது. 2022 டிசம்பரில் அதன்மேல் இரயில் ஓடுவது நின்று, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்ட செய்தியை நீங்கள் அறிவீர்கள். பழைய பாலத்தின்மேல் வண்டி நடைவேகத்தில் ஊரும். இருபுறமும் கைப்பிடிச் சுவர் கிடையாது. சன்னலுக்கு நேர் கீழே கடல்தான். இரயில்வேயில் எத்தனை ஆண்டு பணி செய்தாலும் அந்த இடத்தில் மட்டும் நாம் குழந்தையாகிவிடுவோம்.

அன்று சன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் வலப்பக்கம் எழுந்து நின்றார்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா. கடல் பச்சையாக இருந்தது. கடலுக்கு இயல்பாகவே ஒரு பச்சை உண்டு. இஃது அந்தப் பச்சையன்று. வேப்பிலையை அம்மியில் அரைத்துக் கரைத்துவிட்டாற் போன்ற கெட்டிப் பச்சை. காற்றில் ஒரு நாற்றம். வண்டிக்குள் பேச்சு நின்றுவிட்டது.

கரைக்குப் போனால் மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. பாறையிடுக்கில் வாழும் மீன்களே மிகுதி. ஓராவும் கிளிமீனும் விலாங்கும் வயிறு மேலாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தோம். சிறுவர்கள் வாளியோடு வந்து பொறுக்கத் தொடங்க, தாய்மார்கள் அவர்களை அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுவதும் ஒரே கேள்வி: யார் செய்தது? கப்பல் ஒன்று நஞ்சைக் கொட்டிவிட்டது என்றார் ஒருவர். தொழிற்சாலைக் கழிவு என்றார் மற்றொருவர். நாட்டுப்படகுக்காரர் விசைப்படகுக்காரரைச் சுட்டினார். விசைப்படகுக்காரர் வேறொருவரைச் சுட்டினார். திண்ணையில் அமர்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி மட்டும், "பூங்கோரை வந்திருக்கு. இது என்ன புதுசா? பத்து நாள்ல போயிரும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். அவள் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. நாமும் பொருட்படுத்தவில்லை. அவள் படிக்காதவள் அல்லவா!

அக்காள் வீட்டு முற்றத்தில் நான்கு கூடை கருவாடு கட்டிவைக்கப்பட்டிருந்தது. கடல் நிறம் மாறுவதற்கு ஒரு வாரம் முன்னரே, உயிரோடு வலையில் பிடித்து, உப்பிட்டு உலர்த்திய சரக்கு. அத்தான் அதற்காக வியாபாரியிடம் முன்பணமும் வாங்கிவிட்டார். நாம் என்ன செய்தோம்? குடும்பத்திலேயே அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிச் சம்பளம் வாங்குபவர் நாம் ஒருவரே. அந்த மிடுக்கில், "கடலே நஞ்சாகிவிட்டது. இந்தக் கருவாட்டைத் தின்று யாராவது செத்தால் பழி உங்கள்மேல் வரும். புதைத்துவிடுங்கள்" என்று தீர்ப்புச் சொன்னோம். அத்தான் தயங்கினார். "படிச்ச தம்பி சொல்லுது" என்றாள் அக்காள். அன்று மாலையே நான்கு கூடையும் மணலுக்குள் போயின.

நாம் ஊர் திரும்பிய பிறகு செய்தித்தாளில் உண்மை வெளியாயிற்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று உண்டு. 1947இல் நிறுவப்பட்டது; பல ஆண்டுகள் மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்து, 1971இல் கொச்சிக்குப் பெயர்ந்தது. மண்டபத்தில் அதன் கிளை இன்றும் இருக்கின்றது. அங்குள்ள அறிஞர்கள் நீரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, இது எவரும் கொட்டிய நஞ்சன்று, 'நாக்டிலூகா' என்னும் ஓரணு உயிரின் பெருக்கம் என்று அறிவித்தார்கள். 2008ஆம் ஆண்டு அக்டோபரிலும் இதே வளைகுடாவில் இதே உயிர் இதேபோல் பெருகி மீன்களை மடியச் செய்தது என்பதும் தெரிய வந்தது. கிழவி சொன்னதுதான் சரி. நான்கு கூடைக் கருவாடும் நல்ல கருவாடு. நாம் புதைக்கச் சொன்னது அக்காள் வீட்டின் ஒரு மாதச் சோறு.

அந்த உறுத்தலே நம்மைப் படிக்க வைத்தது. அலுவலகம் விட்டதும் நூலகத்தில் உட்கார்ந்து, புரிந்த அளவுக்குக் குறிப்பெடுத்தோம். அந்தக் குறிப்பேட்டில் உள்ளதையே இனிச் சொல்லப் போகின்றோம்.

நாக்டிலூகா என்பது இலத்தீன் மொழிப் பெயர். இரவின் விளக்கு என்று பொருள். ஓரணு உயிராயினும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதன்று. பெரிதாக வளர்ந்தது கசகசா விதையளவு இருக்கும். காற்றடைத்த பை போன்ற உருண்டை. அதில் ஒரு சிறு வால். தானே உணவு சமைக்கத் தெரியாது. பிற நுண்ணுயிர்களையும் மீன் முட்டைகளையும் விழுங்கிப் பிழைக்கும். குளிர்ந்த கடல்களில் இது செந்நிறமாக வாழும். நம் வெப்பக் கடல்களில் வேறொரு விந்தை நிகழ்கின்றது. இதன் வயிற்றுக்குள் ஆயிரக்கணக்கான பச்சைப் பாசி அணுக்கள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு சமைத்து வீட்டுக்காரனுக்கும் கொடுக்கின்றன. குடித்தனக்காரர் வாடகையைச் சோறாகக் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வேட்டை, உள்ளே விளைச்சல் என இருவழியிலும் வருவாய் உள்ள குடும்பம் பெருகுவதற்குக் கேட்க வேண்டுமா? அந்தக் குடித்தனக்காரரின் நிறந்தான் பாம்பனில் நாம் கண்ட பச்சை.

இது தனக்கென நஞ்சு எதுவும் சுரப்பதாக அறியப்படவில்லை. பின்னர் மீன் ஏன் செத்தது? மிதப்பதற்காக இது தன் உடலுக்குள் அம்மோனியாவைச் சேர்த்து வைத்திருக்கின்றது. கூட்டங் கூட்டமாகச் சாகும்போது அம்மோனியா நீரில் கலந்து மீனின் செவுளை எரிக்கின்றது. அதைவிடப் பெரிய கேடு மூச்சுத் திணறல். கோடிக்கணக்கில் செத்தவை அழுகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அந்த அழுகலே உறிஞ்சிவிடுகின்றது. நடுக்கடல் மீன் வேறிடம் நோக்கி ஓடிப் பிழைக்கும். பாறையையே வீடாகக் கொண்ட மீன் எங்கே ஓடும்? நாம் கண்ட ஓராவும் விலாங்கும் கரையொதுங்கியதன் காரணம் இதுவே.

ஓடவே முடியாத உயிரும் ஒன்றுண்டு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து பவளப்பாறைகள். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பவளம் பாறையன்று, அதுவும் உயிர்தான். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நீருக்குள் மூழ்கிப் பார்த்து, 2020இல் அறிக்கை வெளியிட்டார்கள். பெருக்கத்தின்போது ஒரு லிட்டர் நீரில் பிராணவாயு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிட்டதாம். மான்கொம்பு போலக் கிளைவிட்டு விரைந்து வளரும் பவள வகைகள் பெருமளவில் மடிந்தனவாம். மீன் மீண்டும் வரும்; படகுக்காரரும் மீண்டும் கடலுக்குப் போவார். மடிந்த பவளத்தட்டு மறுபடி எழுவதற்கோ ஆண்டுகள் பல ஆகும். அந்தப் பவளந்தான் நாளைய மீனுக்குத் தொட்டில். படகுக்காரரின் உண்மையான இழப்பு கரையில் கிடந்த மீனன்று என்பதை இதைப் படித்த பிறகே உணர்ந்தோம்.

நிற்க. இந்த உயிருக்கு இரவின் விளக்கு என்று பெயர் வைத்தது ஏன் என்று குழந்தைகள் கேட்கக்கூடும். அசைத்தால் இது ஒளிவிடும். அதே 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் இரவு, சென்னையில் திருவான்மியூர் முதலிய கடற்கரைகளில் அலை நீலமாகச் சுடர்விட்டது. மக்கள் நள்ளிரவில் குடும்பத்தோடு போய் வேடிக்கை பார்த்தார்கள். மணலில் கால் வைத்தால் கால்தடம் மின்னியதாம். அந்த விளக்கை ஏற்றியதும் நாக்டிலூகாவேயாம். ஆகஸ்டில் சென்னையில் தீபாவளி, செப்டம்பரில் பாம்பனில் இழவு. இரண்டையும் நடத்தியது ஒரே குலத்து உயிர் என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கின்றது.

இனிச் சொல்லப்போவது வேடிக்கையன்று. தாய்மார்கள் சற்றுக் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகின்றோம்.

கடலில் பெருகும் நுண்ணுயிர்களுள் மெய்யாகவே நஞ்சுடையனவும் சில உண்டு. அவை பெருகும்போது கடல் நிறம் மாறியே தீரவேண்டும் என்பதில்லை. தெளிந்த நீராகவே இருக்கலாம். மட்டியும் சிப்பியும் ஓரிடத்தில் இருந்தபடியே நீரை வடிகட்டி உண்பவை. அவ்வாறு வடிகட்டும்போது இந்த நஞ்சு அவற்றின் தசையில் சேர்கின்றது. மட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதைத் தின்பவருக்கே கேடு. முதலில் உதடும் நாவும் மரத்து எறும்பு ஊர்வது போலிருக்கும். பிறகு விரல் நுனி. பிறகு கை கால். நஞ்சு மிகுந்திருந்தால் மூச்சு விடும் தசைகள் செயலற்றுப் போகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனையில் கருவி கொண்டு மூச்சை நடத்திவைத்து, நஞ்சு தானே கழியும்வரை காத்திருக்க வேண்டும். கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. நன்றாக வேகவைத்தோமே என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

1981இல் கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் இது நிகழ்ந்தது. கழிமுகத்தில் எடுத்த மட்டியைச் சமைத்து உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மூன்று குழந்தைகள் இறந்தன. ஏழைக் குடும்பங்கள் காசில்லாமல் கிடைக்கும் கறி என்று நாள்தோறும் பொறுக்கி வரும் மட்டிதான் அது. முதல் நாள் வரை நல்லதாயிருந்த மட்டி. அந்தக் குழந்தைகளின் தாய்மார் செய்த பிழை ஏதுமில்லை. சொல்லுவார் இல்லை என்பதே பிழை. 1983இல் மங்களூர்ப் பக்கத்திலும் இதேபோல் ஓர் உயிர் போயிற்று. 1997 செப்டம்பரில் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று ஏழு பேர் மாண்டனர். ஏறத்தாழ 500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

வெள்ளைக்காரரும் இதில் தப்பவில்லை. 1793இல் வான்கூவர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் கனடாவின் மேலைக் கரையை அளந்துகொண்டு போனபோது, அவருடைய ஆட்கள் சிலர் காலைச் சிற்றுண்டிக்குச் சிப்பி சுட்டுத் தின்றார்கள். ஒருவர் அன்றே இறந்தார். அந்த இடத்துக்கு நச்சுக் குடா என்று பெயரிட்டுவிட்டுப் போனார் தலைவர். அதே கனடாவின் கீழைக் கரையில் 1987இல் வேறு வகை நஞ்சு சிப்பியில் ஏறியது. அதைத் தின்று பிழைத்தவர்களுள் சிலருக்கு நினைவாற்றலே போய்விட்டது. இன்று அந்நாட்டில் சிப்பி எடுக்கும் நீர்களைச் சோதித்து, நஞ்சு தென்பட்டால் அவ்விடத்தில் எடுக்கலாகாது என்று தடை போடுகின்றார்கள்.

இப்போது நம் பிழை முழுதும் விளங்கும். நஞ்சில்லாத பெருக்கத்தைக் கண்டு நல்ல கருவாட்டைப் புதைக்கச் சொன்னோம். நிறமே மாறாத ஒரு நாளில் அக்காள் மட்டிக் குழம்பு வைத்திருந்தால், வயிறார உண்டு பாராட்டியிருப்போம். அச்சம் வேண்டிய இடத்தில் இல்லை. வேண்டாத இடத்தில் நிறைய இருந்தது.

பெருக்கம் என்றாலே கேடு என்றும் கொள்ளற்க. மழைக்காலக் காற்று கடலை உழும்போது அடிநீர் மேலே வருகின்றது. அடியில் படிந்த உரமும் அதனோடு வருகின்றது. அந்த உரத்தில் நுண்பாசி தழைக்கும். அதைத் தின்று சாளை மீன் கொழுக்கும். மலையாளக் கரையின் சாளை வளம் இதனை நம்பியதே. கடலுக்கு அது வயல். வயலில் நெல்லும் விளையும், களையும் முளைக்கும். களை மிஞ்சும் ஆண்டுகளும் உண்டு. மதராஸ் மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற அறிஞர், மேலைக் கரையில் மீன்கள் கூட்டமாக மடிவதற்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்று 1917இலேயே எழுதியிருக்கின்றார். ஆகவே கிழவி சொன்னபடி இது புதிதன்று.

பழையதுதான் என்று கை கழுவிவிடவும் முடியவில்லை. வயலுக்கு இடும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிர் உண்டது போக மிச்சம் மழைநீரோடு ஆற்றுக்குப் போகின்றது. நகரத்துச் சாக்கடையிலும் அதே சத்து இருக்கின்றது. ஆறு அதைக் கடலில் சேர்க்கின்றது. கடல் அதை யார் அனுப்பியது என்று கேட்பதில்லை; பாசியாக்கி விடுகின்றது. ஊர்க் குளத்தில் சாக்கடை விழுந்தால் ஒரே கோடையில் குளம் பச்சைக் குழம்பாகிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். அதன் பெரிய வடிவமே இது. கடல்நீர் சூடேறி வருவதும் சில உயிர்களுக்குச் சாதகம். அரபிக் கடலில் இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் குளிர்காலத்தில் பச்சை நாக்டிலூகா பெருகி, மீனுக்கு இரையான பழைய பாசிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிராணவாயு குறைந்த நீர் மேலேறுவதே காரணம் என்று சிலரும், கடல் சூடேறியதே காரணம் என்று சிலரும் சொல்லுகின்றார்கள். அறிஞர்கள் வழக்கு இன்னும் தீரவில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல். மைசூர்ச் சீமையின் உரமும் சாக்கடையுமே பாம்பனைப் பச்சையாக்கின என்று நாம் சொல்லவில்லை. காவிரி போய்ச் சேருவது பூம்புகார்க் கடலில். மன்னார் வளைகுடா வேறு. ஒருவர்மேல் பழி போடும் விளையாட்டை ஒரு முறை பார்த்துவிட்டபடியால் அதில் நமக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு மூட்டை யூரியா போதுமான கொல்லையில் இரண்டு மூட்டை கொட்டுகின்ற நண்பர்கள் இந்த அவையிலும் இருக்கின்றார்கள். அந்த இரண்டாவது மூட்டை எங்கே போகின்றது என்று அவர்கள் ஒரு நாள் சிந்திக்கலாம். பணமும் மிச்சமாகும்.

செய்தால் பயன் உண்டா என்றால், உண்டு என்பதற்கு ஜப்பான் சான்று. அந்நாட்டில் செட்டோ என்னும் உள்நாட்டுக் கடல் ஒன்று இருக்கின்றது. சுற்றிலும் தொழிற்சாலைகளும் நகரங்களும் பெருகி, கழிவெல்லாம் அதில் விழுந்தது. 1972இல் செந்நிறப் பெருக்கம் ஒன்று எழுந்து, கூண்டில் வளர்த்த மீன்களில் 1 கோடியே 40 இலட்சத்தைக் கொன்றது. மறு ஆண்டே சட்டம் வந்தது. 1976இல் அக்கடலில் 299 முறை பெருக்கம் கணக்கிடப்பட்டது. கழிவைக் கட்டுப்படுத்தவே, பின்னர் அது ஆண்டுக்கு நூறு என்ற அளவுக்கு இறங்கியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில ஆண்டுகள் கழித்து, நீர் அளவுக்கு மீறித் தூய்மையாகிவிட்டது, உண்ணும் கடற்பாசி சத்தின்றி வெளுக்கின்றது என்று அவ்வூர்ப் பயிராளர்கள் முறையிட்டார்களாம். உப்பைப் போலத்தான் உரமும். இல்லாவிட்டாலும் குழம்பு கெடும்.

நம் நாட்டில் இப்போது ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் நடுவம் செயற்கைத் துணைக்கோள் கொண்டு கடலின் நிறத்தைக் கண்காணித்துப் பெருக்கச் செய்தியை வெளியிடுகின்றது. மெச்சத்தக்க பணி. ஆயின் துணைக்கோள் பச்சையைக் காணும்; மட்டிக்குள் உள்ள நஞ்சைக் காணாது. அதற்கு மட்டியை எடுத்துச் சோதனைச்சாலையில் பார்த்தே ஆகவேண்டும். பார்த்த முடிவு அன்றைக்கே கழிமுகத்தில் கூடை வைத்திருக்கும் பெண்ணின் காதுக்குப் போகவேண்டும். அறிவியலாருக்கும் அவளுக்கும் இடையில் உள்ள தொலைவு, கௌதள்ளிக்கும் கடலுக்கும் உள்ள தொலைவைவிடப் பெரிது என்று நமக்குத் தோன்றுகின்றது.

விடுமுறைக்குக் கடற்கரை ஊர்களுக்குப் போகும் குடும்பங்களுக்கு, அனுபவப்பட்டவர் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லிவிடுகின்றோம். கரையில் செத்து ஒதுங்கிய மீனைத் தொடாதீர்கள். எதனால் செத்தது என்பது உங்களுக்குத் தெரியாது. உயிரோடு பிடித்து விற்கும் மீனை இதற்காக ஒதுக்காதீர்கள். அது படகுக்காரர் வயிற்றில் அடிப்பது. மட்டி, சிப்பி விஷயத்தில் மட்டும் உள்ளூர் மீன்துறையார் வேண்டாம் என்றால் வேண்டாம். தின்ற பிறகு உதடு மரத்தால் கைமருந்து பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். நீர் நிறம் மாறி நாறும்போது குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள். 2004இல் கொல்லம் முதல் விழிஞ்ஞம் வரை இத்தகைய நாற்றத்தை மோந்தே பல குழந்தைகள் குமட்டலெடுத்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

அக்காள் வீட்டுக் கணக்கு என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் ஓர் அம்மையார் கேட்கின்றார்கள். சொல்ல நாணமாகத்தான் இருக்கின்றது. வியாபாரியின் முன்பணத்தைத் தீர்க்க அக்காளின் வளையல் இரண்டு அடகுக்குப் போயின. தைப் பொங்கலுக்குப் பிறகே மீண்டு வந்தன. உண்மை தெரிந்தவுடன் நாம் தீபாவளிக்கு நேரில் போய், கூடைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணத்தை நீட்டினோம். அத்தான் வாங்கவில்லை. "கடலுக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்ல வந்தியே தம்பி, அது போதும்" என்றார். பவளம் மடிந்த செய்தியை அன்று அவரிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பின்னர்ச் சொன்னோம். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது, மூழ்கிப் பார்த்திருக்கின்றார்.

அக்காள் இன்றும் ஆண்டுக்கு இருமுறை நெத்திலிக் கருவாடு அனுப்புகின்றாள். சென்ற மாதம் வந்த பொட்டலத்தின்மேல், அன்று காது குத்திக்கொண்ட பேத்தி, இப்போது பள்ளிக்குப் போகின்றவள், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: "மாமா, இது நல்ல கருவாடு. புதைக்க வேண்டாம்."

நம் துணைவியார் அந்தத் தாளைக் கிழித்து எறியாமல் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கின்றார்கள். நாள்தோறும் சாப்பிட உட்காரும்போது பார்த்துக்கொண்டிருக்கின்றோம்.